ரசீது இல்லாத செலவு

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரை ஒட்டிய குவாசா டமன்சாரா நிலையத்தில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு எம்.ஆர்.டி. ரயில் ஏறுகிறேன். சுற்றிலும் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகள், அகலச் சாலைகள், இன்னும் வேலி போட்டு வைத்திருக்கும் வெற்று நிலம். பக்கத்தில் நிற்கும் இளைஞர்களுக்கு இது ஒரு புதிய குடியிருப்புப் பகுதி. என் கண்ணுக்கு அங்கே பால்மரங்கள்தான் தெரிகின்றன. சுங்கை பூலோவின் ஏறத்தாழ 2,300 ஏக்கர் பரப்புள்ள இந்த நிலம் பல பத்தாண்டுகள் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்தது. இன்று ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனம் ஒன்று இதை நகரமாக்கிக்கொண்டிருக்கிறது. சேமநிதி என்பது மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கும் பணம். ஆராய்ச்சி நடந்த மண்ணில் இன்று எனக்கும் ஒரு பிடி பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

1997 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மானியக் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். மருத்துவம், வேதியியல், பொறியியல், கணிதம், சட்டம், தமிழ் என்று எல்லாத் துறைகளின் பில்களும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் கண்டுபிடிப்பைப் பேசுகிறார்கள். அதற்கு யார் காசு கொடுத்தார்கள், அந்தக் காசு எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்வி வேலையாக வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தது.

என் தாத்தா கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியும் முன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்து, உளியோடு மரத்துக்கு மரம் ஓடி, மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள்கம்பில் மாட்டி ஸ்டோருக்குச் சுமந்தவர். அவருக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்தால் அது தவறு. "அறுநூறு மரம்" என்று அவர் அடிக்கடி சொல்வார். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுரகத்தைத்தான் அப்படிச் சொன்னார். ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1 என்ற ரகத்தையும் பி.பி. 86 என்ற ரகத்தையும் கலந்து ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கியது அது. மலாயாவில் மட்டுமல்ல, தாய்லாந்திலும் கேரளத்திலும் அது பரவிற்று. உலகத்தின் பல தோட்டங்களில் பால் பெருகியதற்குப் பின்னால் இந்த ஊரின் ஆராய்ச்சி இருந்தது.

அந்தக் கழகம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் அதை நடத்தினார்கள். காரணம் எளிமையானது. ஒரு தோட்டம் தன் சொந்தச் செலவில் இருபது ஆண்டு பாடுபட்டு நல்ல மரத்தைக் கண்டுபிடித்தால், பக்கத்துத் தோட்டம் அதன் மொட்டை எடுத்துப்போய் ஒட்டிவிடும். செலவு ஒருவருக்கு, பலன் எல்லோருக்கும் என்றால் எவரும் முதலில் கையை விட்டுக் காசு எடுக்க மாட்டார். ஆகவே எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக, சட்டப்படி, விலக்கில்லாமல் வாங்கிவிடுவது. ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் வழிகளிலேயே இதுதான் நேர்த்தியான வழி என்று கணக்கர் என்ற முறையில் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் பணம் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் ஒரு மரம் வளர்ந்து பால் தரும்வரை அவர்களால் காத்திருக்க முடிந்தது.

அந்தத் தீர்வை முதலாளியின் ஏட்டில் செலவாக எழுதப்பட்டது. தாத்தா சுமந்த பாலில் இருந்துதான் அது போயிற்று. இது அவர் அறியாமல் கொடுத்த பணம்.

அறிந்தே கொடுத்த பணமும் ஒன்று உண்டு. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற வாதம் வந்தது. அறிஞர் நீலகண்ட சாஸ்திரியின் பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் இருந்தது. சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளியாவது தாருங்கள் என்று கேட்டார். வெள்ளி என்பது எங்கள் ஊர் நாணயம். தோட்டத்தில் இருந்தும் துறைமுகத்தில் இருந்தும் வெள்ளி வெள்ளியாக வந்தது. 1956இல் துறை தொடங்கிற்று. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது, அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார்.

தாத்தா தன் வெள்ளியை எங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுத்ததாகப் பாட்டி சொல்வார். அன்றைய தோட்டக் கூலியில் ஒரு வெள்ளி சின்னத் தொகை அல்ல. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். எந்தத் துறைக்குக் கொடுத்தாரோ அந்தத் துறைக்குள் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை.

ஒரே மரத்தின் பால். ரப்பர் ஆய்வுக்கு அது சட்டப்படி போயிற்று. தமிழ் ஆய்வுக்குக் கையேந்திக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பலன் காசாகத் திரும்பிவரும் துறைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். பலன் வேறு உருவில் வரும் துறைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குடம் வாங்க வேண்டியிருந்தது. இன்றும் நான் பார்க்கும் ஏடுகளில் இந்தப் பிரிவு மாறவில்லை.

பணமாகக் கொடுக்காமல் உடம்பாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சி 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கூடம் ஒன்றை அமைத்ததற்குக் கருணை மட்டும் காரணம் அல்ல. ஈயச் சுரங்கத்திலும் சாலை வேலையிலும் ஆட்கள் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயாலும் மலேரியாவாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் செத்தால் வேலை நின்றது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் பெரிபெரி மிகுந்திருப்பதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருப்பதையும் கவனித்தார். பாட்டி வடித்த அதே புழுங்கல் அரிசி. பிறகு 1905இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்கள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். அடுத்து ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்து உறுதிசெய்தார்கள். வைட்டமின் பி1 பற்றிய அறிவு வளர்ந்த பாதையில் இது ஒரு முக்கியமான படி. அந்த ஆய்வின் செலவு என்று அரிசி மூட்டைகளின் விலை எங்காவது எழுதப்பட்டிருக்கும். வெள்ளை அரிசிப் பிரிவில் விழுந்தவர்கள் எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்படவில்லை. இன்று நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம், காப்பீடு என்று மருத்துவ ஆய்வின் பில் நீளும்போது சில ஆய்வாளர்கள் என்னிடம் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பில்லில் ஒரு காசுகூட வீண் என்று தோன்றியதில்லை.

சின்ன அத்தையின் கதை வேறு. அவர் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பூவுக்குப் பவுடர் அடிக்கும் வேலை செய்தார். மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, ஒவ்வொரு பெண்பூவின் மீதும் கையால் ஊத வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து மலாயாவுக்கு மரம் வந்தது, மரத்தோடு அதன் பூச்சி வரவில்லை. அந்தப் பூச்சியின் வேலையைத்தான் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க நாடான கேமரூனின் காட்டில் செம்பனையின் மகரந்தத்தைச் சுமப்பது ஒரு சிறிய கூன்வண்டு என்று ஆய்வில் தெரியவந்தது. 1981இல் அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பு கூடிற்று, கையால் ஊதும் வேலை தேவையற்றுப் போயிற்று. உலக வேளாண் ஆராய்ச்சியில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பலன் தந்த வேலைகள் மிகக் குறைவாகவே இருக்கும். அத்தைக்கு வேலை போயிற்று. அந்த ஆராய்ச்சி தவறு என்று நான் சொல்லவில்லை. முதுகு ஒடியும் வேலை அது. ஆனால் ஆராய்ச்சியின் லாபத்தைக் கணக்கிடும்போது அத்தையைப் போன்றவர்களை வேறு வேலைக்குப் பழக்கும் செலவையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அவர் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவித்தான் தன் பிள்ளைகளை வளர்த்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே நாணய நெருக்கடி வந்தது. ஒரு டாலர் இரண்டரை வெள்ளியாக இருந்தபோது வேதியியல் துறை கேட்டிருந்த ரசாயனங்களுக்கான பில், 1998 ஜனவரியில் டாலர் நாலரை வெள்ளியைத் தாண்டியபோது என் மேசைக்கு வந்தது. அந்த ஆய்வாளர் என் முன்னால் உட்கார்ந்து, பாதிச் சோதனைகளைப் பென்சிலால் அடித்தார். ஆய்வேடுகளின் சந்தாக்களும் அதேபோல் கைவிடப்பட்டன. அதே மாதம் தமிழ்த் துறையில் இருந்து வந்த பில்களில் மாற்றமே இல்லை: பஸ் கட்டணம், பேட்டரி, நகல் எடுத்த செலவு, பிரிக்பீல்ட்ஸில் ஆய்வேட்டைக் கட்டிய கூலி. அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கருவி சார்ந்த துறைக்குக் கொடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ஊரை விட்டு ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறது. மொழி, வரலாறு, சமூகவியல் துறைகளுக்குக் கொடுக்கும் வெள்ளி இங்கேயே தங்கி, ஓட்டுநர், அச்சகத்தார், உதவிக்கு வரும் மாணவர் கைகளில் சுற்றுகிறது. கருவி வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் சுவா கா பிங் என்ற ஆய்வாளர், பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா கிருமியைப் பிரித்தெடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழிக்க வேண்டியிருந்தது. அதுவரை நோய்க்குக் காரணம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கண்ணில் படும் பலன் இல்லாமல் பராமரிக்கப்பட்ட ஒரு கூடம், தேவைப்பட்ட வாரத்தில் தயாராக இருந்தது. அப்படிப்பட்ட காத்திருப்புக்குப் பணம் தர வேண்டும், தந்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். பல்கலைக்கழகங்களை மதிப்பிடும்போது, ஓர் ஆய்வாளர் எவ்வளவு மானியம் பெற்றார் என்பதையே ஒரு தகுதியாக எண்ணுகிறார்கள். முப்பது ஆண்டுகளாகக் கணக்குப் படித்தவளாகக் கேட்கிறேன்: செலவு எப்படி வரவாகும்? ஒரு கணித விரிவுரையாளர் எனக்கு நினைவில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒரு பயணமும் ஒரு வெண்பலகையும் போதும் என்பார். தன் கட்டுரைகளை 1991இல் இருந்து இயங்கும் ஆர்க்சைவ் என்ற இலவசக் களஞ்சியத்தில் போட்டுவிடுவார். வாசகருக்கும் செலவில்லை, அவருக்கும் இல்லை. நாட்டுக்கு அவரைவிட மலிவாக அறிவைத் தந்தவர் எங்கள் கட்டடத்தில் இல்லை. மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயருக்கு நேரே இருந்த மானியத் தொகை மட்டும் சிறியதாக இருந்தது. அடுத்த ஆண்டு தேவையில்லாத ஒரு கணினியைச் சேர்த்துக் கேட்கும்படி அவருக்கு அறிவுரை கிடைத்தது. அவர் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுரை வெளியிடும் செலவும் இப்போது இதில் சேர்ந்துகொண்டது. 'நேச்சர்' இதழ் 2021இல் எவரும் இலவசமாகப் படிக்கும் திறந்த முறையில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் வைத்தது. ஒரு கட்டுரைக்கு நாற்பதாயிரம் வெள்ளிக்கு மேல். கட்டுரையை எழுதியவருக்கு அந்த இதழ் சம்பளம் தருவதில்லை. அதைப் படித்துத் திருத்தம் சொல்லும் சக அறிஞருக்கும் தருவதில்லை. அந்த உழைப்புக்கெல்லாம் ஏதோ ஒரு நாட்டின் வரிப்பணம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது 2016இல் உள்நாட்டு உற்பத்தியில் 1.44 சதவீதமாக இருந்து, 2020இல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. சிறுத்துவிட்ட அந்தக் குடத்தில் இருந்துதான் இந்தக் கட்டணமும் போகிறது. தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு இதில் இரட்டைச் சுமை. தோட்டத்து மக்களைப் பற்றித் தமிழில் எழுதினால் அந்த மக்களின் பிள்ளைகள் படிப்பார்கள். ஆனால் அனைத்துலகக் குறியீட்டுப் பட்டியல்களில் தமிழ் இதழ்களுக்கு இடம் அரிது. ஆங்கிலத்தில் எழுதினால் பதவி உயர்வு உண்டு. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்கு அது எட்டாது.

இனி 2001இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் விரிவுரையாளர் தோட்டங்களில் முதியவர்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் மரம் வெட்டும்போது பாடிய பாட்டுகளும் பதிவு செய்துவந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்த நேரம். அவருடைய ஒரு பில்லில் 86 வெள்ளி 40 காசு என்று ஒரு வரி இருந்தது. வெற்றிலை பாக்கு, பிஸ்கட் டின், மைலோ, வாழைப்பழம். ரசீது இல்லை, தோட்டத்துக் கடையில் ஏது ரசீது? மானியக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ஓர் எண் உண்டு. பயணம் 21000. ஆய்வுப் பொருள் 27000. சேவை 29000. கருவி 35000. ஒரு கிழவியின் திண்ணையில் உட்கார்ந்து, "பாட்டி, ஒரு பாட்டுப் பாடுங்கள்" என்று கேட்பதற்கு முன் அவர் மடியில் வைக்க வேண்டிய வெற்றிலைக்கு எண் இல்லை. நான் அந்தப் பில்லைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. விதிதான் நேர்மை என்று நம்பினேன்.

அவர் நேரில் வந்தார். "வெறுங்கையோடு போனால் பாட மாட்டார்களா ஐயா?" என்று கேட்டேன். "பாடுவார்கள் அம்மா. ஆனால் நம்மால் போக முடியாது" என்றார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே வாரம் மருத்துவத் துறையின் உறைகலம் ஒன்றைப் பழுதுபார்க்கும் பில்லில் கையெழுத்திட்டேன். மைனஸ் 80 பாகையில் மாதிரிகளைக் காக்கும் பெட்டி அது. வெப்பம் ஏறினால் மணி அடிக்கும். நடு இரவானாலும் ஆட்கள் ஓடிவருவார்கள். ஓடிவரத்தான் வேண்டும். ஆனால் பாட்டுத் தெரிந்த ஒரு கிழவி பந்திங்கிலோ பத்தாங் பெர்சுந்தையிலோ கண் மூடும்போது எங்கள் கட்டடத்தில் எந்த மணியும் அடிப்பதில்லை. அந்த விரிவுரையாளர் அடுத்து விண்ணப்பித்த ஆறாயிரம் வெள்ளிக்கு மூன்று குழுக்கள் கூடின, ஒன்பது மாதம் ஆயிற்று. பணம் வந்தபோது அவர் பட்டியலில் இருந்த எட்டுப் பேரில் மூவர் இல்லை. அந்தக் குழுக்களில் உட்கார்ந்தவர்களின் மணிநேரச் சம்பளத்தைப் பின்னால் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். மானியத்தைவிட அது அதிகமாக இருந்தது.

எல்லாத் துறைகளையும் ஒரே படிவத்தால் அளக்கிறோம். வேதியியலில் செலவு பொருளில் இருக்கிறது, இயற்பியலில் கருவியில், மருத்துவத்தில் பாதுகாப்பில், கணிதத்தில் கலையாத பொழுதில். மொழியாய்விலும் வாய்மொழி வரலாற்றிலும் செலவெல்லாம் காலத்தில் இருக்கிறது, தாமதம்தான் அங்கே மிகப்பெரிய விலை. ஐந்து லட்சம் வெள்ளி கேட்பவரை ஓராண்டு ஆராய்ந்து பார்ப்பது நியாயம். ஐயாயிரம் கேட்பவருக்கு இரண்டு வாரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும். போன மாதம் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஐயாயிரம் வெள்ளிக்கு உட்பட்ட மானியத்துக்கு ஒரு பக்கப் படிவம், ஒருவர் கையெழுத்து, பதினான்கு நாள். கூடவே, ரசீது கிடைக்காத மரியாதைச் செலவுக்கு நூறு வெள்ளி வரை, ஆய்வாளரின் கையொப்பம் போதும் என்று ஒரு வரி. அதற்கு எந்த எண்ணைத் தருவது என்று நிதிப் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான், நிராகரிக்க நினைப்பவர்கள் எண் கேட்க மாட்டார்கள்.

அந்த விரிவுரையாளர் ஓய்வு பெற்றுக் கிள்ளானில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தலைமாட்டு அலமாரியில் இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பதினான்கு ஒலிநாடாக்கள், ஒவ்வொன்றிலும் பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் அவர் கையெழுத்தில். இரண்டில் பூசணம் பிடித்திருக்கிறது. கணினிக்கு மாற்ற ஒரு நாடாவுக்கு நாற்பது வெள்ளி என்று கடைக்காரர் சொல்கிறார். பூசணம் பிடித்தவற்றுக்கு உறுதி சொல்ல மறுக்கிறார். அந்த இரண்டில் ஒன்றின் மேல், கோல சிலாங்கூரில் எங்கள் தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.